கெண்டியில் ஐந்து ஃபூ

"அடியில என் பேரைப் போடணும், மாஸ்டர்."

சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே குய்லான் அக்கா என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காதோடு எச்சரித்த ஒரே விஷயம் அதுதான். "இங்க நீ லீவு கேக்கலாம். விசிறி கேக்கலாம். மத்தியானம் படுக்கப் பாய் கூடக் கேக்கலாம், சிரிச்சுக்கிட்டே குடுப்பாரு. அடிப்பக்கத்தை மட்டும் கேக்காத. கேட்டவ ஒருத்தியும் இங்க தங்கல."

பெங் மாஸ்டர் உதட்டுக்குக் கொண்டுபோன தேநீரை அப்படியே நிறுத்தினார். மேசைக்குக் கீழே குய்லான் அக்காவின் செருப்புக் கால் என் காலை நசுக்கியது.

"எந்த அடி?" என்றார் மாஸ்டர்.

"இந்தக் கெண்டியோட அடி."

"ஏன், அங்க இடம் காலியா இருக்குன்னு உனக்குப் பொறுக்கலையா?"

"நான் வரைஞ்ச கெண்டி. அதனால கேக்கறேன்."

மேசை நடுவில் அது நின்றது. சாராயக் கெண்டி. தேநீர்க் கெண்டி என்றால் மூக்கு உடம்போடு சேருமிடத்தில் சல்லடைபோல் துளைகள் இருக்கும், இலை நிற்பதற்கு. சாராயத்தில் இலை ஏது, ஒரே துளைதான். மூக்கும் கொக்குக் கழுத்துபோல் மெலிந்து நீண்டிருக்கும். தோள் முழுக்கப் பீச் கிளை. நான் தீட்டிய பழங்கள் அப்போது பார்க்கச் சகிக்காது. தங்கம் கலந்த சிவப்பு எனாமல் உலைக்குப் போகும் முன் பழைய ரத்தக்கறை மாதிரிதான் இருக்கும். சுட்டு வெளியே வரும்போதுதான் குழந்தைக் கன்னம்போல் சிவக்கும். கிளையைச் சுற்றி ஐந்து வௌவால்கள். அடி வயிற்றில் நான் ஒன்றும் வரையவில்லை. வெள்ளையை வெள்ளையாகவே விட்டிருந்தேன். அதற்கும் மாஸ்டர் ஏற்கெனவே திட்டியாயிற்று: "இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கியே, வாங்கறவன் என்ன வெறும் வெள்ளையைப் பாக்கவா வாங்கறான்?"

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஜிங்தெஜென்னில் பிறந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, துக்க வீட்டுக்குப் போனாலும் சரி, சோற்றுக் கிண்ணம் கைக்கு வந்ததும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். யார் பட்டறை என்று தெரிந்த பிறகுதான் சோறு. என் அம்மாவும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. தெருமுனையில் காரக் கொழுக்கட்டை விற்கிறாள். நான் வரைந்த கிண்ணங்களின் படத்தைப் போனில் காட்டினால் விரலால் திரையைத் திருப்பிப் பார்ப்பாள், ஏதோ படத்துக்குப் பின்பக்கம் இருக்கிற மாதிரி. "அடியைக் காட்டு" என்பாள். காட்டினால், "இதுல உன் எழுத்து இல்லையே. நாலு வருஷம் படிச்சுட்டு யாருக்கு வேலை பாக்கறே?" என்பாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். என் பெயரின் மூன்று எழுத்துகளை மட்டும் அம்மா தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், சான்றிதழைப் பார்த்துப் பார்த்து.

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எரிச்சல்; சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்.

"காலேஜ்" என்றார். பட்டறையில் எனக்கு அதுதான் பெயர். "உன் குடும்பப் பேரு என்ன?"

"தெரியாதா மாஸ்டர்? வாங்."

"வாங்! பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு வாங்னு ஒரு குரல் குடு. பாதிக் கூட்டம் திரும்பிப் பாக்கும். எந்த வாங்னு எவன் தேடுவான்? பெங்னா ஒரு பெங். அடியில பெங் இருந்தாத்தான் அது சாமான். இல்லன்னா வெறும் சட்டி."

மூன்று படுக்கைக் கோடு, நடுவில் நிமிர்ந்த ஒரு கோடு, அவ்வளவுதான் வாங். அரசன் என்று பொருள். என் அப்பா அரசர்தான். மூன்று சக்கர வண்டியில் களிமண் ஏற்றிப்போகும் அரசர்.

"முழுப் பேரையும் எழுதினா எந்த வாங்னு தெரியுமே" என்றேன். "கீறல், நிறம், நிழல், எல்லாம் நான். நீங்க இதைத் தொடவே இல்ல."

"இப்ப தொடறேன் பாரு."

மெல்லிய தூரிகையை எடுத்தார், செந்நிறத்தில் தோய்த்தார், கெண்டியைப் பூனைக்குட்டிபோல் மல்லாத்திப் பிடித்து நாலே எழுத்து எழுதினார். 'பெங் பட்டறை ஆக்கம்'. அழகான கையெழுத்து, அதை மறுக்க முடியாது. என் ஒரு மாத வேலை அந்த நாலு எழுத்தில் அவர் வீட்டுப் பிள்ளையானது. அன்று சாயங்காலமே அதைத் தன் கையாலேயே மின் உலைக்குள் வைத்தார். உலைக் கதவை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

குய்லான் அக்கா கற்பூர எண்ணெயில் தூரிகையை அலசிக்கொண்டே முணுமுணுத்தாள்: "சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நீங்க பத்து வருஷமா கேக்காம இருக்கீங்களே, என்ன கெடைச்சுது?"

"விசிறி" என்றாள் அக்கா.

*

கெண்டியைக் கேட்டிருந்தவள் மறுநாள் காலையில் வந்துவிட்டாள். வடக்கே ஹார்பினிலிருந்து வந்த லுவான் அம்மாள், ஐம்பது தாண்டியவள். கதவுக்கு வெளியே இருந்தே குரல் வந்தது, ஆள் பிறகுதான் வந்தாள். அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஐந்து பெண்களும் சேர்ந்து கொடுக்கும் பரிசு. மூத்தவள் நேரில் வந்து மடியில் வைத்து ரயிலில் கொண்டுபோவதாக ஏற்பாடு, பார்சலை நம்பமாட்டாளாம்.

மாஸ்டர் கெண்டியைச் சிவப்புத் துணியில் மூடி வைத்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு முக்காடு எடுப்பதுபோல் எடுத்தார்.

பழங்கள் சிவந்திருந்தன. நுனியில் அடர்ந்து, காம்புப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கரைந்து, தொட்டால் ரோமம் தட்டும்போல.

லுவான் அம்மாள் குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. இது மேல பறக்குதே, இது என்ன?"

"நீங்க கேட்டதுதான் மேடம். அஞ்சு ஃபூ."

"நான் எப்ப ஃபூ கேட்டேன்? அஞ்சு ஹூ கேட்டேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அஞ்சு ஃபூ."

"ஹூ!"

"ஃபூ!"

"ஹூ, ஹூ!"

"ஆமா, ஃபூ, ஃபூ!"

உள்ளே கற்பூர எண்ணெயில் எதுவோ தீப்பிடித்துவிட்டது, இருவரும் ஊதி அணைக்கிறார்கள் என்று நினைத்துக் குய்லான் அக்கா வாளியோடு ஓடிவந்தாள்.

எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. மாஸ்டர் ஏரிக்கரை ஊர்க்காரர். அந்தப் பக்கத்து நாக்குக்கு ஹூ என்ற ஒலியே வராது, எல்லாம் ஃபூதான். கெண்டிக்கு நாடே சொல்லும் பெயர் ஹூ; அவர் வாயில் அது ஃபூ. தேநீர் ஃபூவை எடு, சாராய ஃபூவை வை என்பார், நாங்கள் பழகிவிட்டோம். அன்று போனை வைத்துவிட்டு வந்து, "எண்பதாவது பிறந்தநாளாம். ஃபூ மேல அஞ்சு ஃபூ வேணுமாம்" என்றார். முதல் ஃபூ கெண்டி என்று புரிந்துகொண்டேன். இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் எவளும் யோசித்திருக்க மாட்டாள். வௌவாலுக்கும் ஃபூ, அதிர்ஷ்டத்துக்கும் ஃபூ. கிழவர் பிறந்தநாளுக்கு ஐந்து ஃபூ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வௌவாலும் நீண்ட ஆயுளுக்குப் பீச் பழமும் போடுவோம்.

ஆனால் ஹூ என்று இன்னொரு பிராணி இருக்கிறது.

லுவான் அம்மாள் கைப்பையைக் கீழே போட்டாள். பத்து விரலையும் நகமாக்கி, பல்லைக் காட்டி, மாஸ்டர் முகத்துக்கு நேரே உறுமினாள். நிஜமாகவே உறுமினாள். மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார்.

"புலி!" என்றாள். "அஞ்சு புலி! நாங்க அஞ்சு பொண்ணு. எங்க தெருவுல எங்களை அஞ்சு புலின்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு பயலும் எங்கப்பாகிட்ட வம்பு வச்சுக்க மாட்டான். அப்பா தெனம் ராத்திரி ரெண்டு கோப்பை சாராயம் குடிப்பாரு. குடிக்கிறப்ப அஞ்சு பேரையும் பாக்கணும்னு ஆசையா இதைக் கேட்டேன். அதிர்ஷ்டம் நல்லதுதான், யாரு வேணாங்கறா? ஆனா என்னைப் பாத்தா வௌவால் மாதிரியா இருக்கு?"

பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது?

மாஸ்டர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். பிறகு, வெண்ணெய் தடவிய குரலில், என்னைக் கையால் காட்டினார்.

"மேடம், இதை நான் வரையல. இவ வரைஞ்சது. வாங் லாமெய். காலேஜ் படிச்ச பொண்ணு, அனுபவம் கம்மி. முழுக்க முழுக்க இவ கைவேலை. நான் தொடவே இல்ல."

வாங் லாமெய். அந்தப் பட்டறைக்குள் என் முழுப் பெயர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. மாஸ்டருக்கு அது தெரியும் என்பதே எனக்கு ஆச்சரியம்.

கெண்டியை எடுத்தேன். கவிழ்த்தேன். அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"படிங்க மாஸ்டர்."

"காலேஜ், கெண்டியை வை."

"இப்பதானே லாமெய்னு சொன்னீங்க? அதுக்குள்ள மறந்து போச்சா? அடியில யாரு பேரு இருக்கு? நேத்து இது பெங். இன்னிக்குப் புலி வௌவாலா மாறினதும் வாங் லாமெய். தப்பு என்னோடதுன்னா பேரும் என்னோடது. பேரு உங்களோடதுன்னா தப்பும் உங்களோடது. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, மேடம் காத்துக்கிட்டு இருக்காங்க."

குய்லான் அக்கா வாளியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லுவான் அம்மாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூத்த பெண், வீட்டுச் சண்டைகளை விலக்கிப் பழகியவள் என்று கண்ணிலேயே தெரிந்தது. "சரி, இதைச் சரிபண்ண முடியுமா முடியாதா? நாளைக்கு மத்தியானம் எனக்கு ரயில்."

"முடியும்" என்றேன். மாஸ்டர் வாயைத் திறக்கும் முன்னால். "இந்த எனாமல் பூச்சு மேல மறுபடி வரைஞ்சு மறுபடி சுடலாம். வௌவால் இருக்கட்டும். கீழ இந்த வெள்ளை இருக்குல்ல, அங்க அஞ்சு புலி வரும். மேல பறக்கிற வௌவாலைப் புடிக்கப் பாயற மாதிரி. அதிர்ஷ்டத்தையே துரத்திப் புடிக்கிற புலி."

லுவான் அம்மாளின் முகம் மலர்ந்தது. "இது நான் கேட்டதைவிட நல்லா இருக்கே!"

"ஆனா அடியில என் பேரு வரணும். பெங் பக்கத்துலயே."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். சும்மா விட்ட வெள்ளையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது" என்றார் கடைசியில். "சின்னதா."

"உங்க எழுத்து அளவுக்கு."

*

பேச்சு மாறிவிடுவதற்குள் முதலில் பெயரைத்தான் எழுதினேன். பெங் எழுத்துகளுக்குப் பக்கத்தில், அதே செந்நிறத்தில், வாங் லாமெய். வாங்-கின் கடைசிக் கோட்டை நான் படகு முனைபோல் மேலே தூக்கிவிடுவேன். கல்லூரியில் எழுத்து வாத்தியார் அதற்காக மதிப்பெண் குறைத்திருக்கிறார். இருக்கட்டும், என் கோடு அது. லுவான் அம்மாள் அதைப் போனில் படம் எடுத்துத் தங்கைகளுக்கு அனுப்பினாள்.

பிறகு என் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் புலி வரைய வரைய அவள் தங்கைகளை வரிசையாக அவிழ்த்துவிட்டாள்.

"ரெண்டாவது கொஞ்சம் குண்டு. வயித்தைக் குறைச்சுப் போடாத, கண்டுபிடிச்சுடுவா. மூணாவது எப்பவும் தூங்குவா."

"தூங்கற புலி எப்படி வௌவாலைத் துரத்தும்?"

"ஒத்தைக் கண்ணைத் தெறந்து பாக்கட்டும். அது போதும். நாலாவதுக்கு மீசையை முறுக்கிவிடு, அவதான் போலீஸ். கடைக்குட்டி எங்க எல்லாருக்கும் செல்லம். அது ஒரு வௌவால் வாலையாவது புடிச்சிருக்கணும்."

"வௌவாலுக்கு வால் இவ்வளவூண்டுதான் இருக்கும்."

"அப்ப றெக்கையைக் கடிக்கட்டும். நான் எப்படி இருக்கேன்?"

"வாயைத் தெறந்துக்கிட்டு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் குய்லான் அக்கா மஞ்சளைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டாள். மஞ்சள் நிரப்ப நான்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். "உங்க பேரையும் எழுதட்டுமா?" என்று கேட்டதற்கு, "என்னை விட்டுடு, எனக்கு விசிறியே போதும்" என்றாள். ஆனால் போட்ட மஞ்சளை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

மத்தியானம் அம்மா வந்தாள். வியாபாரம் முடிந்து மிஞ்சிய கொழுக்கட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். லுவான் அம்மாள் ஒன்றை வாயில் போட்டு, மிளகாய் ஏறி, கண்ணில் தண்ணீர் வழிய, "இதுக்கு மேல எங்க ஊர்ப் பனி கூட ஒண்ணும் பண்ண முடியாது" என்று இன்னொன்று எடுத்தாள்.

"அம்மா, இங்க வா. தொடாத, ஈரம்." கெண்டியை மெல்லச் சாய்த்து அடியைக் காட்டினேன்.

அம்மா விரலைக் காற்றில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். "வாங். லா. மெய்." அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெங் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை.

"என்னடி இது, அடியில போய்? சாராயம் ஊத்தறவன் கெண்டியைக் கவுத்தா பாப்பான்? மேல போடுறதுதானே. இவ்வளவு இடம் இருக்கு."

"மேல போடக் கூடாதும்மா. வழக்கம் இல்ல."

"யாரு வழக்கம்?" என்றாள் அம்மா. கொழுக்கட்டைத் துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

புலிகளுக்கு எல்லாம் முடிந்து நெற்றி மட்டும் பாக்கி. கறுப்பைத் தொட்டுக்கொண்டு கையை நிறுத்தினேன். லுவான் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நெத்தியில அரசன்ங்கற எழுத்துப் போட மறந்துடாத. எழுத்து இல்லாட்டி அது பூனை."

"தெரியும்" என்றேன். "அதான் யோசிக்கறேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் பெங் மாஸ்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது எல்லாரோடும் சமாதானமாகிவிட்டார். எனக்கே ஒரு கோப்பை ஊற்றித் தந்தார். அதை வாங்கிக் குடித்தேன். பிறகு ஐந்து நெற்றியிலும் நிதானமாக எழுதினேன். படுக்கையாக மூன்று, நிமிர்த்தி ஒன்று. கடைசிக் கோட்டைத் தூக்கிவிட்டேன்.

சாயங்காலம் மாஸ்டர் கெண்டியை உலைக்கு எடுத்துப்போனார். "நானே வைக்கறேன் மாஸ்டர்" என்று கூடவே போனேன். "உலை என் வேலை" என்று கதவைச் சாத்தினார். சிரித்துக்கொண்டே.

வீட்டுக்குப் போகும் வழியில் பொது உலை வைத்திருக்கும் ஹூ அண்ணனிடம் நின்றேன்; அவர் குடும்பப் பெயரே ஹூ. யார் எதைக் கொண்டுவந்தாலும் சுட்டுத் தருவார். யார் பெயர் என்று கேட்கமாட்டார். "அண்ணே, நாளையிலேருந்து உங்க உலையில எனக்கு ஒரு தட்டு இடம் வேணும்" என்றேன். "எந்தப் பட்டறைக்கு?" என்றார். "எனக்கு" என்றேன்.

*

காலையில் உலை திறந்தபோது நாங்கள் எல்லாரும் இருந்தோம். புலிகள் மினுமினுத்தன. குண்டுப் புலி, தூங்கும் புலி, மீசைப் புலி, றெக்கையைக் கடிக்கும் குட்டி, வாயைத் திறந்திருக்கும் மூத்தது. லுவான் அம்மாள் கெண்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்ததால் உடனே எடுத்துவிட்டாள்.

ஒருநாள் இங்கே இருந்ததில் எங்கள் ஊர்ப் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கெண்டியைக் கவிழ்த்தாள்.

"இந்தப் பொண்ணு பேரு எங்க?"

பெங் பட்டறை ஆக்கம். நாலு எழுத்து. பக்கத்தில் ஒன்றுமில்லை.

"அடடா" என்றார் மாஸ்டர். "பறந்துபோச்சு போல. உலையில சிவப்பு சில சமயம் பறந்துடும் மேடம். சூடு கொஞ்சம் ஏறினா போதும். என்ன பண்றது, நெருப்பு யாரு பேச்சைக் கேக்குது?"

சிவப்பு பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே இருந்த பெங்-கில் ஒரு புள்ளிகூடப் பறக்கவில்லை.

கெண்டியை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் சாய்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம். உலைக்குப் போகும் முன் எனாமல் ஈர விரலுக்கே வந்துவிடும். ஆனால் முழுதாக வராது. மிச்சத்தை நெருப்பு பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது, ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் நுண்ணிய கோடுகளோடு.

"மாஸ்டர், பறக்கிற சிவப்புக்குக் கட்டைவிரல் ரேகை இருக்குமா?"

குய்லான் அக்கா வந்து பார்த்தாள். லுவான் அம்மாள் வந்து பார்த்தாள். மாஸ்டர் வரவில்லை. வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எங்க தாத்தா கைநாட்டு" என்றேன். "எங்கப்பா கைநாட்டு. எங்க வீட்ல கைநாட்டு வைக்காம கையெழுத்துப் போட்ட மொத ஆளு நான். நீங்க இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சும் இதுல கைநாட்டு வச்சுட்டீங்களே மாஸ்டர்!"

என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. குய்லான் அக்கா சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"சரி, போனது போச்சு" என்று மாஸ்டர் வலது கையை வெளியே எடுக்காமலே இடது கையால் துணியைத் தேடினார். "மேடத்துக்குப் புலி கெடைச்சுதா இல்லையா? அடியில என்ன இருந்தா என்ன?"

"அதைத்தான் எங்கம்மாவும் சொன்னாங்க" என்றேன். "மேடம், நேத்து எடுத்த படம் இருக்கா? என் பேரு?"

அவள் போனை எடுத்தாள். வாங், கடைசிக் கோடு படகு முனைபோல் தூக்கி.

"இப்ப புலி நெத்தியைப் பாருங்க."

லுவான் அம்மாள் பார்த்தாள். முதல் புலி. இரண்டாவது. கெண்டியைத் திருப்பித் திருப்பி ஐந்தையும் பார்த்தாள். போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் உறுமவில்லை, கத்தினாள். "வாங்! அஞ்சு வாங்! எங்கம்மாடி, நாங்க அஞ்சு பேரும் உன் பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டுல்ல நிக்கறோம்!"

மாஸ்டர் பாய்ந்து வந்தார். "அது எல்லாப் புலிக்கும் போடறதுதானே! காலங்காலமா போடறது! அது பேரே இல்ல, அது புலி!"

"ஆமா மாஸ்டர். பேரே இல்ல. வேணும்னா அழிச்சுடுங்க. அழிச்சா அஞ்சு பூனை. மேடம் பூனை வாங்கிக்கிட்டுப் போவாங்களான்னு கேட்டுக்கங்க."

லுவான் அம்மாள் கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எவனாவது தொட்டுப் பாருங்க" என்றாள், நிஜப் புலிக் குரலில். அப்புறம் என்னிடம் திரும்பி, "மத்த நாலு பேரும் எங்களுக்கும் வேணும்னு அடிச்சுக்குவாளுங்க. அதுவும் போலீஸ்காரி விடவே மாட்டா. நான் யாருகிட்ட வரணும்? இங்கயா?"

"நெத்தியைப் பாத்து வாங்க" என்றேன்.

என் தூரிகைகளைச் சுருட்டிக் கட்டினேன். தேநீர்க் கோப்பை என்னுடையது; அதை எடுத்துக்கொண்டேன். ஏப்ரனைக் குய்லான் அக்காவின் மடியில் வைத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "விசிறியை நீங்களே வச்சுக்கங்க அக்கா. அலுத்துப்போனா ஹூ அண்ணன் உலைக்கு வாங்க. மஞ்சள் போட ஆள் வேணும், பேரோட." அக்கா ஏப்ரனை மடிக்கவில்லை.

"காலேஜ், எங்க கிளம்பிட்டே?" என்றார் மாஸ்டர். "தேநீர் வேளை கூட ஆகல. அந்த மீன் தட்டு பாதியில நிக்குது."

நான் வாசலைத் தாண்டியிருந்தேன். தெருவில் யாரோ பீங்கான் அடுக்கிய பலகையைத் தோளில் வைத்து 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு போனார். ஒதுங்கி நின்றேன்.

"ஏய், லாமெய்!" பின்னால் அவர் குரல் ஏறியது. "வாங் லாமெய்! என் ஃபூவை எங்க வச்சுட்டுப் போறே?"

கெண்டியைக் கேட்டாரா, புலியைக் கேட்டாரா, வௌவாலைக் கேட்டாரா, தெரியவில்லை. அதிர்ஷ்டத்தையாகவும் இருக்கலாம்.

"எந்த ஃபூ மாஸ்டர்?" என்று திரும்பாமலே கத்திவிட்டுப் பலகைக்காரருக்குப் பின்னாலேயே பொது உலைப் பக்கம் நடந்தேன்.